பரளச்சிக் காட்டில் ஒரு டிக்

முனைவர் ராஜகுரு முதல் தடவை பரளச்சிக்கு வந்தபோது கார்க் கண்ணாடியைக்கூட இறக்காமல், "அருமையான இடம். மனுஷ நடமாட்டமே இல்ல" என்றார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் அந்த ஊர்த் தங்கத்தாய் தலையில் புல்லுக்கட்டோடு எங்கள் காருக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான், அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அன்று சாயங்காலமே அறிக்கையில் 'மனித நடமாட்டம் அற்ற பகுதி' என்று ஏறிவிட்டது.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பெரிய மனிதர்கள் தப்பாகப் பேசினால் திருத்தாமல் உட்கார்ந்து ரசிப்பது எனக்கு வெகுகாலப் பழக்கம்.

என் பெயர் நவநீதகிருஷ்ணன். அருப்புக்கோட்டையில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை. கடையில் உட்கார மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு இயற்பியல் படித்து, ஆராய்ச்சிக்குப் போய், நாலாவது வருஷம் வழிகாட்டியோடு சண்டை போட்டுப் பாதியில் திரும்பியவன். அப்பா கடைசிவரை என்னை "முக்கா டாக்டரு" என்றுதான் கூப்பிட்டார். இப்போது ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவியாளன். எனக்கு மேலே இருப்பவர்கள் எல்லாரும் என்னைவிட முட்டாள்கள் என்பது என் உறுதியான எண்ணம். அதில் பெரும்பகுதி உண்மையும்கூட.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கோ தொலைதூரத்தில் கருந்துளைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒவ்வொரு மோதலும் வெளியையே லேசாக உலுக்கி ஓர் அலையை அனுப்புகிறது. அதுதான் ஈர்ப்பலை. பெரிய மோதல்களைத் தனித்தனியாகப் பிடித்துவிட்டார்கள். தனியாகப் பிடிபடாத சின்ன மோதல்களும் தூரத்து மோதல்களும் சேர்ந்து ஓயாத முணுமுணுப்பாக வந்துகொண்டே இருக்கும் என்கிறார்கள். சந்தைக்கு வெளியே நின்றால் யார் என்ன பேசுகிறார்கள் என்று புரியாது, ஆனால் இரைச்சல் கேட்கும் அல்லவா, அது மாதிரி. அந்தப் பின்னணி முணுமுணுப்பைத்தான் இப்போது உலகமே தேடிக்கொண்டிருக்கிறது.

அதைப் பிடிக்கும் பெரிய கருவிகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. ஒரு கருவியை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, அதன் சொந்த இரைச்சலே பல மடங்கு. அதனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கருவிகளின் பதிவுகளை மாதக்கணக்கில் சேர்த்து ஒப்பிடுவார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது வானத்திலிருந்து வந்தது என்று கணக்கு. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பூமியில் எங்காவது மின்னல் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஒரு மெல்லிய காந்த அதிர்வு பூமியை ஓயாமல் சுற்றி வருகிறது. அதுவும் இரண்டு கருவியிலும் பொதுவாகவே விழும். அதை வானத்துச் சங்கதி என்று எண்ணி ஏமாறக்கூடாது. ஆகவே அந்தக் காந்த அதிர்வை மட்டும் சுத்தமாக அளந்து கழிப்பதற்கு, சந்தடியில்லாத இடங்களில் காந்தமானிகளைப் புதைக்கிறார்கள்.

அந்தச் சந்தடியில்லாத இடத்துக்காக இந்த வட்டாரம் முழுக்கச் சுற்றினோம். முதலில் குமாரலிங்கபுரம் பக்கம் பார்த்தோம். அங்கே ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று தெரிந்ததும் ராஜகுரு முகம் சுளித்தார். அடுத்தது பந்தல்குடி. தூத்துக்குடி ரோட்டில் லோடு லாரி போகிறபோதெல்லாம் டீக்கடை பெஞ்சே ஆடுகிறது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் கருவி வைத்து அளக்க வேண்டியிருந்தது. டீ ஆற்றுகிறவரைக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கடைசியில் பரளச்சி. சுற்றிலும் மானாவாரிக் கரிசல், தரிசெல்லாம் சீமைக்கருவேலம், ஆளுக்கொரு திசையில் நாலைந்து ஆடு.

தங்கத்தாயின் புருஷன் மாரிச்சாமி உப்பு லாரி ஓட்டுகிறவர். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். அவருடைய தரிசில் அரை ஏக்கரை நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. எட்டுப் பக்க ஒப்பந்தம், பூராவும் இங்கிலீஷ். 'இரைச்சலைக் குறைக்க நில உரிமையாளர் எல்லா வகையிலும் ஒத்துழைப்பார்' என்று ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மாரிச்சாமிக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டியது என் வேலை. "ஒண்ணுமில்லண்ணே, வழக்கமா எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கறதுதான்" என்றேன். அவர் எட்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குள் எங்களைப் பற்றி வதந்திக்குப் பஞ்சமில்லை. பூமிக்கடியில் எண்ணெய் பார்க்கிறார்கள் என்றார்கள். புதையல் என்றார்கள். ஒருவர் என்னிடம் வந்து, தன் காட்டில் போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று அந்தப் பெட்டியைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். நானும் மூஞ்சியை வைத்துக்கொண்டு, "முந்நூத்தம்பது" என்றேன். பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

உருப்படியாகக் கேட்டது தங்கத்தாய் மட்டும்தான். ஒருநாள் வேலியோரம் வந்து நின்று, "தம்பி, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. நீங்க நெசமா என்னத்தப் பாக்கீக?" என்று கேட்டாள்.

பாதி மரியாதைக்கும் பாதி பொழுது போவதற்குமாகச் சொன்னேன். புல்லறுக்கிற அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டே முழுசும் கேட்டாள்.

"அப்போ ரெண்டு எடத்துலயும் ஒண்ணாக் கேட்டா, அது நெசமுங்கீக."

"ஆமாக்கா."

"ரெண்டு பேரும் ஒரே பொய்யச் சொன்னா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ராஜகுரு இந்தத் திட்டத்துக்குத் தலைவராகி ஒன்றரை வருஷம் ஆகிறது, ஒருதடவைகூட அதைக் கேட்டதில்லை. அவள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் பெரிய கணக்குக்கா" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

மாசி மாதம், ஒரு மாதப் பதிவைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் அந்த டிக் தெரிந்தது. விநாடிக்கு ஒன்று. மெல்லியதுதான், ஆனால் விடாமல் விழுந்தது; எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிறகு சில விநாடிப் பதிவைச் சேர்த்தாலே திரையில் தெரிந்தது. எங்கள் காந்தமானிக்குள் மின்னல் அதிர்வுக்கு நடுவே யாரோ விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பது போல. இதைக் கழிக்காமல் விட்டால் மொத்தப் பதிவும் குப்பை. அதைவிட மோசம், வெளிநாட்டுக் கருவிகளிலும் கடிகாரத்தால் விழுகிற இப்படி ஒரு மெல்லிய தட்டல் உண்டு. எல்லாக் கடிகாரமும் ஒரே செயற்கைக்கோள்களைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்கின்றன. இங்கே விழுவதும் அங்கே விழுவதும் ஒரே கணத்தில் விழும். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்வது என்றால் அதுதான்.

ராஜகுரு வீடியோவில் வந்தார். "சுத்துவட்டாரத்துல என்ன இருக்கு?"

"தங்கத்தாயக்கா போர் மோட்டார் இருக்கு சார். நானூறு மீட்டர்."

"அதுதான்."

"மோட்டார் இரைச்சல் வேற மாதிரி சார். விநாடிக்கு அம்பது..."

"நவநீதன், நான் முப்பது வருஷமா இதுல இருக்கேன். மோட்டார நிறுத்துங்க. நாலு நாள் போதும்."

முப்பது வருஷமாக அவர் இருந்தது வேறு எதிலோ. கண்ணாடி வில்லைகளைப் பற்றி ஏழு கட்டுரை, அதில் ஆறு அவருடைய மாணவர்கள் எழுதியது. ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கையில் ஒரு நாற்காலி காலியானது, இவரை உட்கார்த்தி வைத்தார்கள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் பரளச்சியில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே பொருள் தங்கத்தாயின் மோட்டார்.

தங்கத்தாய்க்கு அந்த மோட்டாரை நம்பி இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். தை பிறந்ததும் ஊன்றியது. நான் போய் விஷயத்தைச் சொன்னபோது அவள் வரப்பில் நின்று பயிரைக் காட்டினாள். தோளுயரத்துக்கு மேல் நின்றது. தண்டின் நடுவில் கதிர் தள்ள ஆரம்பித்திருந்தது, பட்டுநூல் அப்போதுதான் வெளியே எட்டிப் பார்த்தது.

"பூவெடுக்குற நேரம் தம்பி. இப்பத் தண்ணி இல்லன்னா மணி பிடிக்காது. கொஞ்ச நாளு கழிச்சு வச்சுக்கிடலாம்ல?"

"நாலே நாளுதான்க்கா."

"நாலு நாளுன்னா தாங்கிரும்" என்றாள். மனசில்லாமல்தான் சொன்னாள். ஒப்பந்தத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னபிறகு சொன்னாள் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மோட்டார் நின்றது. மூன்றாம் நாள் சாயங்காலம் பதிவை எடுத்துப் பார்த்தேன். டிக் அப்படியே இருந்தது. விநாடிக்கு ஒன்று, துளி மாறவில்லை. சந்தேகத்துக்குப் பழைய பதிவையும் புரட்டினேன். எங்கள் பக்கம் த்ரீபேஸ் கரண்ட் ஒரு நாளில் சில மணி நேரம்தான் வரும், மற்ற நேரம் எந்த மோட்டாரும் ஓட முடியாது. அந்த நேரத்திலும் டிக் விழுந்திருந்தது. மோட்டாருக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது.

ராஜகுருவுக்கு எண்களை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார். குரலில் குதூகலம்.

"மூணு பர்சென்ட் கொறஞ்சிருக்கு, பாத்தீங்களா? ட்ரெண்ட் தெரியுது."

அந்த மூன்று சதவீதம் ஒன்றுமே இல்லை. தராசில் ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி, நாளைக்கு மூன்று சதவீதம் கூடும். அவர் மூன்று புள்ளி வைத்து அதன்மேல் ஒரு கோடு கிழித்து, கோட்டை நீட்டி, பூஜ்யத்தில் கொண்டுபோய் இறக்கியிருந்தார். நாலு நாள் பத்தாதாம். மெல்லிய சங்கதியை உறுதியாகச் சொல்ல நிறைய நாள் பதிவைச் சேர்க்க வேண்டுமாம், இருபது நாள் வேண்டுமாம். நாள் கூடினால் உறுதி கூடும் என்பது பொதுவாக உண்மைதான். ஒரு வார்த்தை உண்மையை எடுத்து அதை எங்கே பொருத்தக்கூடாதோ அங்கே பொருத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு எழுதியிருக்கலாம். எதுவும் வேண்டாம், தங்கத்தாயிடம் போய், "மோட்டாரப் போடுங்கக்கா, நான் பாத்துக்கிடுறேன்" என்று சொல்லியிருக்கலாம். நான் "சரிங்க சார்" என்றேன்.

ஏன் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். இருபத்தோராம் நாள் அந்த டிக் அசையாமல் அப்படியே இருக்கும். ராஜகுரு தன் கோட்டோடு பத்துப் பேர் முன்னால் நிற்பார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதற்கு இருபது நாள் காத்திருக்கலாம் என்று தோன்றியது. காத்திருக்கப்போவது நான் அல்ல என்பது அப்போது உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை, உறைத்தது, தள்ளிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் தங்கத்தாய் ரோட்டுக்கே வந்து என்னை மறித்தாள். பங்குனி வெயில் பிறந்திருந்தது. அவளுக்குப் பின்னால் பயிர் இலையெல்லாம் குழலாகச் சுருண்டு நின்றது.

"நாலு நாளுன்னீக தம்பி."

"மேல இருந்து உத்தரவுக்கா."

"ஒரு தண்ணி மட்டும் விட்டுக்கிடுறேன். ஒரே ஒரு தண்ணி. அம்புட்டுத்தான். ஒங்க பொட்டிக்கு என்ன தெரியப்போவுது?"

"அத சார்கிட்டத்தான் கேக்கணும்."

"அவுக எங்க இருக்காக?"

"பெங்களூருல."

அவள் பயிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வரப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காலை பதினொன்றே காலுக்கு டிக் நின்றது. சுத்தமாக நின்றது. அருப்புக்கோட்டை அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மோட்டார் ஓடவில்லை, பதினைந்து நாளாகவே ஓடவில்லை. புதிதாக என்ன நின்றது? பைக்கை முறுக்கிக்கொண்டு போனேன்.

இதுவரை நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. பெட்டி இருக்கும் கொட்டகைக்குத் தார்ரோட்டிலிருந்து முள்ளுக்குள் முந்நூறு மீட்டர் நடக்க வேண்டும். மழை பெய்தால் கரிசல் செருப்பைப் பிடுங்கும், பெய்யாவிட்டால் முள் குத்தும். பதிவை அருப்புக்கோட்டைக்கு அனுப்பும் இணைப்பு முதலில் வந்திருக்கவில்லை, கருவி ஓடுகிறதா என்று தினமும் போய்ப் பார்க்க எனக்கு உடம்பு வணங்கவில்லை. அதனால் கருவி வைத்த அன்றே, அதன் கடிகாரத்தோடு ஒரு சிவப்பு விளக்கை இணைத்து, ரோட்டைப் பார்த்து ஒரு கம்பத்தில் கட்டியிருந்தேன். கடிகாரம் ஓடினால் விளக்கு விநாடிக்கு ஒருதரம் சிமிட்டும். வண்டியை நிறுத்தாமலே பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். இதை எந்த வரைபடத்திலும் நான் குறிக்கவில்லை. என் சாமர்த்தியம் என்று எனக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் போன ஒயர், புதைத்த காந்தமானிக்கு ஒன்றரை முழம் தள்ளிப் போனது.

விநாடிக்கு ஒன்று என்றால் அது கடிகாரம். எந்தப் போர் மோட்டாரும் விநாடி பார்த்து ஓடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். இந்த ஊரிலேயே அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. என் பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருந்தேன்.

கம்பத்தடியில் ஒயரை அணில் கடித்து வைத்திருந்தது. இரண்டு முனையையும் கையில் எடுத்துச் சேர்த்தேன். கொட்டகைக்குள் லேப்டாப் திரையில் டிக் வந்தது. பிரித்தேன், நின்றது. சேர்த்தேன், வந்தது. நாலு தடவை செய்து பார்த்துவிட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. ஒரு டாக்டர், ஒரு முக்கால் டாக்டர், நாலு லட்ச ரூபாய்க் கருவி, எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு அணில் பல்லால் செய்துவிட்டுப் போயிருந்தது.

ராஜகுருவைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தேன், பாத்தேன்! பூஜ்யம்! நிலத்துல ஊறிப்போன காந்தம் வடியறதுக்குப் பதினாறு நாள் ஆயிருக்கு. இது தனிக் கட்டுரையாவே போகும்."

விளக்கைச் சொன்னேன், அணிலைச் சொன்னேன்.

"லைட்ட எடுத்துட்டீங்கல்ல?"

"ஒயரப் பிரிச்சு வச்சுட்டேன் சார்."

"அப்புறம் என்ன? ரெண்டுமே காரணமா இருக்கலாம். அறிக்கைல லைட்ட இழுக்காதீங்க, உங்களுக்குத்தான் கெட்ட பேரு. சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு மோட்டார் கூடாதுன்னு எழுதியாச்சு. வெள்ளிக்கிழம நானே வர்றேன், ஊர்க்காரங்ககிட்ட பேசிடலாம்."

ஒரு கிலோமீட்டருக்குள் பதினோரு மோட்டார் இருக்கிறது. எனக்குக் கெட்ட பேர் வராமலிருக்கப் பதினோரு போரை மூட வேண்டும் என்கிறார். போனை வைத்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்குத் தர்ம சிந்தனை பிறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கொஞ்சம் பிறந்தது என்பது வாஸ்தவம். அதைவிடப் பெரிய பங்கு, இந்த ஆள் ஜெயித்துவிடுவாரே என்ற எரிச்சல்.

வெள்ளிக்கிழமை கொட்டகை முன்னால் சாமியானா போட்டு நாற்காலி வைத்திருந்தார்கள். சுற்றுக்காட்டில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் இருபது பேர், தலையாரி மருதுபாண்டி, எல்லாருக்கும் பின்னால் தங்கத்தாய். ராஜகுரு பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து பேச ஆரம்பித்தார். உலக அறிவியலுக்குப் பரளச்சி செய்யப்போகும் தியாகம் என்று அவர் வந்து சேர்வதற்குள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். மோட்டார் என்ற வார்த்தை வந்ததும் விழித்துக்கொண்டார்கள்.

நான் எழுந்தேன். "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை எல்லாரும் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.

"த்ரீபேஸ் வந்திருச்சா?"

"வந்திருச்சு" என்றார் மருதுபாண்டி.

"தங்கத்தாயக்கா, போயி ஒங்க மோட்டாரப் போட்டுட்டு வாங்க."

ராஜகுரு, "நவநீதன்" என்று பல்லைக் கடித்தார். அவள் போனாள். சற்று நேரத்தில் தூரத்தில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவது தெரிந்தது. அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். திரையில் டிக் இல்லை. "மோட்டார் ஓடுது. திரையில அந்த டிக் இல்ல. பாத்துக்கிடுங்க" என்றேன். பிறகு கம்பத்தடிக்குப் போய் ஒயரின் இரண்டு முனையையும் சேர்த்தேன். விளக்கு சிமிட்டியது, திரையில் டிக் டிக்கென்று விழுந்தது. பிரித்தேன், நின்றது. இருபது பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ராஜகுருவின் முகம் நான் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. அதற்கும் மேலேயே இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த லைட்டு நான் வச்சது. தப்பு என்னுது, மறைக்கல" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "ஆனா மோட்டார் காரணமில்லன்னு எனக்கு மூணாம் நாளே தெரியும். பதிவப் பாத்த அன்னைக்கே தெரியும். சாருக்குத்தான் இருபது நாளாகியும் தெரியல."

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மருதுபாண்டி என் தோளில் தட்டினார். பதினோரு மோட்டாரும் பிழைத்தன. நான் தங்கத்தாயைத் தேடிப் பார்த்தேன். நன்றியை எதிர்பார்த்துத்தான் பார்த்தேன் என்று இப்போது சொல்ல நா கூசுகிறது.

அவள் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மூணாம் நாளே தெரியுமா தம்பி?"

சிரித்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் மோட்டார்த் தண்ணீர் அப்போதும் கொட்டிக்கொண்டிருந்தது.

"நாலாம் நாளு தண்ணி விட்டிருந்தாக் கதிர் நின்னிருக்கும்" என்றாள். குரலை உயர்த்தவேயில்லை. "ஒம்பதாம் நாளு ரோட்டுல வந்து மறிச்சேன். ஒரு தண்ணிதான் கேட்டேன். அப்பவும் ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்க்கா."

அவள் ராஜகுருவின் பக்கம் திரும்பினாள். "நீங்க மோட்டாருதான்னு நம்பி நிறுத்தச் சொன்னீக சார். படிச்சவுகளும் தப்பா நெனைக்கிறதுதான். போகட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எதுக்கு நிறுத்துனீக?" என்றாள்.

எனக்குப் பதில் இருந்தது. அதை அந்த இடத்தில் யாரால் சொல்ல முடியும்? ராஜகுரு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷமாக நான் அவரைப் பார்த்த பார்வை அது. இந்த ஒருதடவை அப்படிப் பார்க்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

தங்கத்தாய் போய் மோட்டாரை நிறுத்தினாள். வருகிற வழியில் ஒரு கதிரை ஒடித்து உரித்துப் பார்த்தாள். நான் பின்னாலேயே போயிருந்தேன். சக்கைதான் இருந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு மணி. அதை என்னிடம் காட்டுவதற்காக அவள் உரிக்கவில்லை. பார்த்துவிட்டு வரப்பில் போட்டாள்.

காட்டுக்கு அந்தப் பக்கம் கீதாரி பொன்னுச்சாமி எழுபது எண்பது ஆட்டோடு காலையிலிருந்தே காத்திருந்திருக்கிறார். அவள் முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தாளாம். இனி அந்தப் பயிர் மேய்ச்சலுக்குத்தான். அவள் நடைவாசலில் கிடந்த முள்படலை இழுத்துத் திறந்தாள். என் பைக் அந்த வழியில் குறுக்கே நின்றது.

"அக்கா" என்றேன்.

"வண்டிய ஓரமா எடுங்க தம்பி" என்றாள் தங்கத்தாய். "ஆடு உள்ள போகணும்."